மலை இல்லாத ஊர்க்காரர்கள் எந்த மலைக்குப் போவது?

பதிவு கொஞ்சம் நீளம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

நம்மிடம் படித்த நாலைந்து பேர் ஹாம் ரேடியோ தேர்வு எழுதி உரிமம் வாங்கியிருக்கிறார்கள். எனக்கு ரொம்ப சந்தோஷம். ஹாம் என்றால் என்ன என்று கேட்கும் அத்தை, சித்தப்பாக்களுக்காக ஒரு வரி: மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை வைக்கும் தேர்வில் தேறினால், 12 வயது முடிந்த யாரும் சொந்தமாக ஒரு வானொலி நிலையம் வைத்து மற்ற உரிமதாரர்களோடு பேசலாம். செல்போன் டவர் வேண்டாம், சிம் வேண்டாம். நம் நாட்டில் அழைப்புக் குறி வியூ2, வியூ3 என்று தொடங்கும். பேசலாம், மோர்ஸ் அடிக்கலாம், படமும் அனுப்பலாம். வியாபாரம் மட்டும் பேசக் கூடாது.

இப்போது அந்தப் பிள்ளைகளின் குழுவில் ஒரு பேச்சு ஓடுகிறது. "நம்ம ஏரியா தட்டை. புதுவாயலில் இருந்து என்ன கத்தினாலும் பொன்னேரி தாண்டாது. மலை மேலே ஏறி ஆன்டெனா கட்டினால்தான் உண்டு. நாகலாபுரம் பக்கம்தானே, பைக்கில் போய் ஏறிவிடலாம்" என்று ஒருவர். "ஏலகிரி போகலாம், ஏற்காடு போகலாம்" என்று இன்னொருவர். பூகோள வாத்தியார் என்பதால் என்னையும் கேட்டார்கள்: "சார், எந்த மலை சார் நல்ல மலை?"

என் கருத்தைத் தெளிவாகவே சொல்கிறேன். உயரமான மலையைத் தேடாதீர்கள். உங்களுக்கு வேண்டியது நல்ல இடம், அது வேறு. நம்மைப் போல் சமவெளியில் இருப்பவர்கள் அந்த நல்ல இடத்தை முதலில் 30 கிலோமீட்டருக்குள் தேட வேண்டும். ஏலகிரிக்கு வருஷம் ஒரு தடவை சுற்றுலாவாகப் போய்க்கொள்ளலாம்.

ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன். நீங்கள் வைத்திருக்கும் கைக்கருவி வேலை செய்வது 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ், அல்லது 434 முதல் 438 மெகாஹெர்ட்ஸ். இந்த அலைகள் பெரும்பாலும் நேர்க்கோட்டில் போகின்றன. பூமியோ வளைந்து கிடக்கிறது. எவ்வளவு தூரம் எட்டும் என்பதற்கு ஒரு சின்ன சூத்திரம் உண்டு: ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதற்கு வர்க்கமூலம் கண்டு, 4.12-ஆல் பெருக்கினால் ரேடியோவின் தொடுவானம் கிலோமீட்டரில் கிடைக்கும். கண்ணால் பார்க்கும் தொடுவானம் இதைவிடச் சற்றுக் குறைவு. காற்று அலையைக் கொஞ்சம் கீழ்நோக்கி வளைத்துவிடுவதால் ரேடியோவுக்கு இந்தச் சலுகை.

இப்போது போட்டுப் பாருங்கள். 10 மீட்டர் உயர மாடி என்றால் 13 கிலோமீட்டர். 100 மீட்டர் குன்று என்றால் 41. 400 மீட்டர் மலை என்றால் 82. 900 மீட்டர் என்றால் 124. வர்க்கமூலம் என்ன வேலை செய்கிறது பார்த்தீர்களா? உயரத்தை நாலு மடங்காக்கினால்தான் தூரம் இரண்டு மடங்காகிறது. முதல் 100 மீட்டர் கொடுத்ததை அடுத்த 100 மீட்டர் கொடுப்பதில்லை. முட்டி வலிக்க ஏறுகிற கடைசி 500 மீட்டருக்குக் கூலி ரொம்பக் குறைவு.

இன்னொன்று. பேச்சில் இரண்டு பேர் இருக்கிறார்கள். இரண்டு பேரின் தொடுவானத்தையும் கூட்ட வேண்டும். புதுவாயலில் ஒரு மாடி, பழவேற்காட்டில் ஒரு மாடி, இரண்டும் 10 மீட்டர் என்றால் 26 கிலோமீட்டர் எட்டும். நேர்க்கோட்டில் பழவேற்காடு நமக்கு ஏறக்குறைய 23 கிலோமீட்டர்தான். மலையே இல்லாமல் எட்டிவிடுகிறது. திருவள்ளூர் ஏறக்குறைய 32. அந்தப் பாதையின் நடுவில் பூமி 15 மீட்டர் மேடாக எழுந்து நிற்கிறது. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் நிற்கிறது. இரண்டு பக்கமும் ஆன்டெனாவை 16 மீட்டருக்கு ஏற்றிவிட்டால் அந்த மேட்டைத் தாண்டிவிடலாம். நாலு மாடிக் கட்டடமும் அதன்மேல் ஒரு சவுக்குக் கம்பும் போதும். இடையில் தோப்பும் கட்டடமும் கொஞ்சம் தின்னும், அது வேறு விஷயம். நம்மூரில் சவுக்குக் கம்புக்கு என்ன பஞ்சம்?

இந்த வேலையை நமக்கு முன்னால் ஒருவர் செய்துவிட்டுப் போயிருக்கிறார். வகுப்பில் சொல்லியிருக்கிறேன், நினைவிருக்கிறதா? வில்லியம் லாம்ப்டன். 1802-ல் பரங்கிமலைக்குப் பக்கத்தில் தொடங்கி ஏழரை மைல் நீளத்துக்கு ஓர் அடிக்கோட்டை அளந்தார். இந்தியா முழுவதையும் முக்கோணம் முக்கோணமாக அளந்த பெரிய சர்வே அங்கேதான் பிறந்தது. அவருக்கு வேண்டியதும் நமக்கு வேண்டியதும் ஒன்றுதான்: இங்கிருந்து பார்த்தால் அங்கே தெரிய வேண்டும். அவர் எங்கே தெரிகிறதோ அங்கே ஏறினார். உயரமான மலைக்காக அலையவில்லை. காவிரிச் சமவெளியில் மலையே இல்லை என்றதும் கோயில் கோபுரங்களில் ஏறினார். 1808-ல் தஞ்சாவூரில் அரை டன் எடையுள்ள தியோடலைட்டைக் கோபுரத்தின் மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி மோதிச் சேதமானது. அதை அவரே உட்கார்ந்து பழுது பார்த்தார். ஆன்டெனாக் கயிற்றை இரண்டு தடவை சோதித்துக் கட்டுங்கள் என்று நான் சொல்வது அதனால்தான்.

அந்த சர்வேயின் வாரிசுதான் இந்திய சர்வே துறையின் நிலவரைபடம். 1:50,000 அளவுப் படங்களை இப்போது இணையத்தில் பதிவு செய்து இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். அதில் சிறிய முக்கோணக் குறியும் பக்கத்தில் ஓர் எண்ணும் இருந்தால், அது முக்கோண அளவைக்கான இடம். அதாவது அங்கிருந்து நாலா பக்கமும் தெரிகிறது என்று யாரோ ஏறிப் பார்த்து எழுதிவைத்த சான்றிதழ். சம உயரக் கோடுகள் நெருக்கமாக இருக்கும் பக்கம் சரிவு செங்குத்து. நீங்கள் பேச வேண்டிய திசையில் சரிவு செங்குத்தாக இறங்கினால் அது தங்கமான இடம். உச்சி அகலமாக மேசை போல் இருந்தால், நடுவில் நின்று பயனில்லை, விளிம்புக்கு வர வேண்டும். ஒரு கிராஃப் தாளில் இரண்டு ஊருக்கும் இடையே கோடு போட்டு உயரங்களைக் குறித்து வரைந்து பாருங்கள். செல்போனில் ஒரு நொடியில் இதை வரைந்து தரும் மென்பொருள் இருக்கிறது, தெரியும். ஒரு தடவையாவது கையால் வரைந்தவனுக்குத்தான் அது தப்பாக வரைந்தால் கண்ணில் படும்.

அடுத்தது இரைச்சல். இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். மலை உச்சி என்றால் நமக்கு முன்னால் அங்கே செல்போன் டவர், போலீஸ் ஒயர்லெஸ், எஃப்.எம். ஒலிபரப்பு எல்லாம் போய் உட்கார்ந்திருக்கும். மலிவான கைக்கருவியை அங்கே கொண்டுபோனால் அந்தப் பலத்த அலைகளில் திணறி அதற்குக் காது அடைத்துப்போகும். நீங்கள் பேசுவது 100 கிலோமீட்டருக்குக் கேட்கும், அவர்கள் பேசுவது உங்களுக்குக் கேட்காது. டவர் இல்லாத பக்கத்துச் சிறு குன்று, 50 மீட்டர் குறைவாக இருந்தாலும், அதைவிட மேல்.

நம் பகுதியில் இந்தத் தொல்லை வேறு விதம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் உலைகள், வெல்டிங், அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் இருந்து கிளம்பும் உயர் அழுத்த மின்கம்பிகள், அலமாதி துணைமின் நிலையம் எல்லாம் சேர்ந்து ஒரு முணுமுணுப்பைப் போட்டுக்கொண்டே இருக்கும். நல்ல இடமா என்று பார்க்க விலை உயர்ந்த கருவி வேண்டாம். பழைய மீடியம் வேவ் டிரான்சிஸ்டரை, எந்த நிலையமும் கிடைக்காத இடத்தில் திருப்பி வைத்துக்கொண்டு நடங்கள். லேசான 'உஸ்' சத்தம் என்றால் நல்ல இடம். 'கர்ர்' என்று சலித்தால் நூறு மீட்டர் தள்ளிப் போங்கள். மின்கம்பி மேலே போகும் இடத்தில் கம்பத்தைத் தூக்கி நிறுத்தும் யோசனையே வேண்டாம். அது இரைச்சல் பிரச்சினை இல்லை, உயிர்ப் பிரச்சினை.

இனி நாகலாபுரம். மழை விட்ட காலையில் நம் நெடுஞ்சாலையில் நின்று வடமேற்கே பார்த்தால் நீலமாகத் தெரியும் அந்த மலைத்தொடரைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஆசை வருவது இயல்பு. ஆனால் அது ஆந்திர மாநிலத்தின் காடு. ஓடையும் பள்ளத்தாக்கும் வழுக்குப் பாறையுமாக இருக்கும். அனுமதி இல்லாமல் ஏறக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாம் யோசனை கிடையாது. 2018 மார்ச் 11-ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத் தீயில் மலையேற்றம் போனவர்கள் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் இறந்ததை மறந்துவிடாதீர்கள். பேட்டரி, கம்பம், கேபிள் என்று பத்து கிலோ சுமையோடு போகிறவன் ஓடவும் முடியாது. எல்லை தாண்டி, காட்டுக்குள், கையில் ஆன்டெனாவோடு நிற்கும் நாலு இளைஞர்களைப் பார்த்தால் வனக்காவலருக்கு என்ன தோன்றும் என்பதையும் யோசியுங்கள்.

காட்டில்தான் ஏற வேண்டும் என்றால் முறையான வழி இருக்கிறது. தமிழ்நாடு வனத்துறை 2024-ல் 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளைத் திறந்தது. வழிகாட்டியோடு, முன்பதிவு செய்து போகலாம். நம் மாவட்டத்தில் பூண்டி அருகே குடியம் குகைப் பாதையும் அதில் ஒன்று. ரேடியோ கொண்டுவருகிறோம் என்று முன்கூட்டியே கேட்டு, சரி என்று சொன்னால் மட்டும் எடுத்துப் போங்கள். (ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863-ல் கற்கருவிகள் கண்டெடுத்த அத்திரம்பாக்கமும் அந்தப் பக்கம்தான். போகிறவர்கள் அதையும் நினைத்துக்கொள்ளுங்கள், பூகோள வாத்தியார் சந்தோஷப்படுவார்.)

கோயில் மலைகள் வேறு கதை. திருத்தணிக்கு 365 படி, வாகனமும் மேலே போகும். சோளிங்கருக்கு 1,305 படி, இப்போது ரோப்கார் வந்துவிட்டது. சுற்றிலும் சமவெளி என்பதால் பார்வை நன்றாக இருக்கும். ஆனால் கிருத்திகை நாளில் போய்க் கம்பம் நட நினைக்காதீர்கள். கோயில் அலுவலகத்தில் கடிதம் கொடுத்து, கூட்டமில்லாத நாளில், பக்தர்கள் நடமாடாத ஓரத்தில் ஒரு சின்ன ஆன்டெனா வைத்தால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். குரங்குகள் கேபிளைக் கடிக்கும், அதற்கு அனுமதிக் கடிதம் உதவாது. பரங்கிமலையைக் கேட்டால், லாம்ப்டன் காலத்தோடு சரி. இப்போது ஒரு பக்கம் விமான நிலையம், ஒரு பக்கம் ராணுவம். அங்கே வேண்டாம். அதேபோல் ஸ்ரீஹரிகோட்டாவை ஒட்டிய கரையிலும் அனுமதி கேட்காமல் எதையும் உயர்த்தாதீர்கள். உங்கள் உரிமத்தில் நிலையத்தின் முகவரி ஒன்று இருக்கிறது. வேறு இடத்தில் இயக்குவது பற்றி உரிமமும் விதிகளும் என்ன சொல்கின்றன என்று வாசித்துவிட்டே வீட்டை விட்டுக் கிளம்புங்கள்.

இனி, உயரம்தான் எல்லாம் என்று நினைப்பவர்களுக்கு என் கடைசி அஸ்திரம். எண்பதுகளில் டிவி வைத்திருந்த வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். கோடை இரவில் இலங்கை ரூபவாஹினி நம் பக்கத்திலும் தெரிந்ததைச் சொல்வார்கள். 1982-ல் தொடங்கிய நிலையம். ஆன்டெனாவைத் தெற்கே திருப்பி, பூஸ்டரை முறுக்கி, மாடியில் ஒருவர், கீழே ஒருவர், "தெரியுதா?" "இப்ப தெரியுது, ஆட்டாதே!" என்று கத்திய காலம். எந்த மலையில் ஏறிப் பார்த்தோம்? மாடிதான். கடலின் மேல் குளிர்ந்த ஈரக் காற்று, அதன் மேல் சூடான வறண்ட காற்று என்று அடுக்கு உண்டாகும்போது அலை இரண்டுக்கும் நடுவே குழாயில் தண்ணீர் போல ஓடுகிறது. அந்தக் குழாய் பெரும்பாலும் தாழ்வாகத்தான் இருக்கும். மலை உச்சியில் ஏறி உட்கார்ந்தவன் குழாய்க்கு மேலே உட்கார்ந்துவிடுவான், கீழே கடற்கரையில் இருப்பவனுக்குத்தான் கேட்கும். 1957 ஜூலையில் கலிஃபோர்னியாவுக்கும் ஹவாய்க்கும் இடையே ஏறக்குறைய 4,000 கிலோமீட்டர் தூரம் 144 மெகாஹெர்ட்ஸில் இரண்டு ஹாம்கள் பேசியது இந்தக் குழாயின் புண்ணியத்தால்தான். வங்காள விரிகுடாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாம் ஏற்காட்டுக்கு ஓடுகிறோம்! சித்திரை, வைகாசி இரவுகளில் பழவேற்காட்டில் உள்ள உறவினர் வீட்டு மாடியில் இருந்து ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

டிவி ஒளிபரப்பு ஆசை உள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை. இங்கிலாந்தில் அமெச்சூர் டிவிக்கென்றே 1949 முதல் ஒரு சங்கம் இருக்கிறது. அந்த ஊர் ஹாம்கள் குன்றுக்குக் குன்று படம் அனுப்பி விளையாடுகிறார்கள். வீடியோக்களைப் பார்த்து நம் பிள்ளைகளும் கேட்கிறார்கள். பழைய முறை டிவிப் படத்துக்கு 7 மெகாஹெர்ட்ஸ் அகலம் வேண்டும். நமக்கு 434-438-ல் இருப்பதே மொத்தம் 4. எட்டுப் பேர் உட்காரும் பெஞ்சை ஆட்டோவில் ஏற்ற முடியாது. குறுகிய அகல டிஜிட்டல் முறை இருக்கிறது, அது உரிமத்தின் வகையையும் கைச்செலவையும் பொறுத்தது. அதுவரை, பேச்சு அளவு அகலத்திலேயே போகும் 'ஸ்லோ ஸ்கேன்' படம் இருக்கிறது. ஒரு நிழற்படம் போக ஒன்றிரண்டு நிமிஷம் பிடிக்கும். விண்வெளி நிலையத்தில் இருந்து 145.800 மெகாஹெர்ட்ஸில் அவ்வப்போது இப்படிப் படம் வரும். நிஜமான நகரும் படம் பார்க்க வேண்டுமானால், 2018-ல் ஏவிய கத்தார் செயற்கைக்கோளில் ஹாம்களுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. நம் ஊரில் இருந்து மேற்கே, ஏறக்குறைய 27 டிகிரி உயரத்தில் அசையாமல் நிற்கிறது. அதற்கு எந்த மலையும் வேண்டாம். மேற்குப் பக்கம் மாமரம் மறைக்காத மொட்டை மாடியும், ஒரு டிஷ்ஷும் போதும்.

இவ்வளவு தூரம் நான் ஏன் மெனக்கெடுகிறேன் என்று சொல்கிறேன். 2015 டிசம்பர் வெள்ளம், 2016-ல் வர்தா, 2023-ல் மிக்ஜாம். மூன்றிலும் செல்போன் என்ன ஆனது என்று நமக்குத் தெரியும். மகன் துபாயிலும் மகள் பெங்களூரிலும் இருந்து "அம்மா எடுக்கவே மாட்டேங்குறாங்க" என்று தவித்த வீடுகள் இந்தப் பதிவைப் படிப்பவர்களிலேயே எத்தனை! பிச்சாட்டூர் திறந்தால் ஆரணியாறு, பூண்டி திறந்தால் கொசஸ்தலையாறு. இரண்டுக்கும் நடுவில் நாம். அந்த நாளில் ஏலகிரியில் இருந்து 124 கிலோமீட்டர் எட்டும் என்ற அனுபவம் யாருக்கும் உதவாது. புதுவாயலில் எந்த மாடியில் இருந்து பொன்னேரி கிடைக்கும், எங்கிருந்து பழவேற்காடு கிடைக்கும், ஊத்துக்கோட்டைக்கு நடுவில் யார் நின்று வாங்கிச் சொல்ல வேண்டும் என்பது தெரிந்திருந்தால்தான் உதவும்.

2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற ஹாம், வியூ2ஆர்பிஐ, தன் குழுவோடு அந்தமானுக்குப் போயிருந்தார். உலகம் முழுக்க உள்ள ஹாம்களோடு பேசும் ஆசையில் போன பயணம். 26-ஆம் தேதி சுனாமி வந்தது. போர்ட் பிளேரில் ஏற்கெனவே கட்டி, சரிபார்த்து, பழகியிருந்த அந்த நிலையம் அன்றே செய்தி அனுப்பும் நிலையமாகிவிட்டது. அலை வந்த பிறகு ஆன்டெனா கட்ட இடம் தேடியிருந்தால் நடந்திருக்குமா?

அதனால் என் யோசனை இது. வெள்ளம் வந்தால் மக்களைக் கொண்டுபோய்த் தங்க வைப்பது பள்ளிக்கூடங்களில்தான். எனவே முதலில் சோதிக்க வேண்டிய 'மலை உச்சி' நம் பகுதிப் பள்ளிகளின் மொட்டை மாடிகள். தலைமையாசிரியர்களிடம் பேசுவது என் பொறுப்பு, அவர்களில் பாதிப்பேர் என்னிடம் படித்தவர்கள் அல்லது என்னோடு வேலை பார்த்தவர்கள். அடுத்தது ஏரிக்கரைகள். எதிரே தண்ணீர், மறைப்பு இல்லை, மின்கம்பி குறைவு. தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கம் போன்ற இடங்களில் நீர்வளத் துறையிடம் எழுதிக் கேட்போம். கேட்டால் மறுப்பார்கள் என்று நாமே முடிவுகட்ட வேண்டாம்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், புரட்டாசிக்குள், மாதம் இரண்டு ஞாயிறு இதற்கு ஒதுக்குங்கள். ஓர் அணி புதுவாயலில், ஓர் அணி போய்க்கொண்டே இருக்கும். ஐந்து வாட்டுக்கு மேல் வேண்டாம், ஆபத்துக் காலத்தில் பேட்டரி அவ்வளவுதான் தாங்கும். கேபிளைக் குட்டையாக வையுங்கள். மெல்லிய கேபிள் 20 மீட்டர் போனால் 435 மெகாஹெர்ட்ஸில் பாதிக்கு மேல் வழியிலேயே தீர்ந்துவிடும். யூபிஎஸ் பேட்டரி இரண்டு கிலோவுக்கு மேல் கனக்கும், அதைச் சின்னப் பையன் தலையில் கட்டாதீர்கள். மேற்கே இடி கேட்டால் அடுத்த நிமிஷம் கம்பத்தை இறக்கிவிட்டுக் கீழே வந்துவிட வேண்டும். இதில் பேச்சே கிடையாது.

ஒரு நீள நோட்டு போடுங்கள். தேதி, நேரம், இடம், தரையில் இருந்து ஆன்டெனா உயரம், எந்தத் திசை, யாருக்கு எப்படிக் கேட்டது, இரைச்சல் எப்படி, சாவி யாரிடம் இருக்கிறது, மழையில் அந்த வழியில் தண்ணீர் நிற்குமா. கடைசி இரண்டும் எந்த ஹாம் புத்தகத்திலும் இருக்காது, ஆனால் நம் நோட்டில் இருக்க வேண்டும். கேட்காத இடத்தையும் எழுதுங்கள். எங்கே கேட்காது என்பதும் தெரிய வேண்டும்.

உரிமம் இல்லாதவர்கள் வரலாம், கருவியில் பேசுவதை மட்டும் உரிமம் உள்ளவர்களிடம் விட்டுவிடுங்கள். நோட்டு எழுத, கம்பம் பிடிக்க, மோர் கொண்டுவர ஆள் வேண்டும். பொன்னேரி, ஊத்துக்கோட்டை, பழவேற்காடு பக்கம் மாடி தரக்கூடிய உறவுகள் கீழே எழுதுங்கள். சவுக்குக் கம்பு இரண்டு என் வீட்டுத் தோட்டத்தில் தயாராகக் கிடக்கிறது. யாராவது வண்டி கொண்டுவந்து எடுத்துப் போங்கள்.